அடியில் படுத்த காற்று

தண்ணீர் மேல் தண்ணீர் ஊற்றி, இரண்டும் கலக்காமல் நிறுத்தத் தெரியுமா என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். இதை எழுதி முடிக்கவே ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. ஆனால் அந்த வேலையில் என் கையை மிஞ்சிய கை அங்கே இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

பெங்களூரில் நான் வேலை செய்யும் காலேஜில் கடலையும் காற்றையும் பற்றிப் படிக்கிற ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே ஓர் அறை முழுக்க ஒரே ஒரு கண்ணாடித் தொட்டி. இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்ட நீளம், என் இடுப்புக்கு மேல் உயரம். என்னைச் சேர்த்தது பெருக்கித் துடைக்கத்தான். ஒருநாள் ஒரு மாணவர் டீ குடிக்கப் போகும்போது குழாயைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, பெரிய சாரைக் கூட்டிவந்தார். நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு துடைப்பத்தோடு நின்றேன். சார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சென்னாகிதே. நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து தொட்டி நிரப்புவது என் வேலை.

முதலில் உப்புக் கரைத்த தண்ணீரை விட வேண்டும். அது அடியில் நிற்கும். அதன்மேல் ஸ்பாஞ்சு ஒட்டிய ஒரு பலகையை மிதக்கவிட்டு, அந்த ஸ்பாஞ்சின் மேல் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அரை நாள் ஆகும். மின்விசிறி ஓடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கக் கூடாது, கதவை யாரும் அறையக் கூடாது. அவசரப்பட்டால் இரண்டும் கலந்துபோகும், பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். படித்த பிள்ளைகளுக்கு அவசரம். எனக்கு என்ன அவசரம்? ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரியாக வந்தால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு தெரியும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரே தண்ணீர்தான். பச்சைச் சாயத்தை விட்டால் அது மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், அந்தக் கோட்டின்மேல் விரிப்புப் போட்டதுபோலப் படரும். நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். கடலும் இப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கிறது, காற்றும் அப்படித்தான், யாராவது வந்து கலக்கினால்தான் கலக்கும், வெயிலோ புயலோ அலையோ வர வேண்டும் என்று சார் சொல்வார். பனிக்காலத்துக் காலையில் அல்சூர் ஏரிக்கரையில் குப்பை எரிக்கிற புகை, ஒரு உயரத்துக்கு எழும்பி அதற்குமேல் போகாமல் கூரை போட்டாற்போல நிற்கும். பஸ்ஸிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் நம்ம தொட்டி என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளைகள் என் தண்ணீரை ‘அம்மா தண்ணி’ என்றே சொல்வார்கள்.

எனக்கு ஒரே மகன். அவன் அபார்ட்மென்ட்களில் கழிவுநீர்க் குழி, மோட்டார், குழாய் எல்லாம் பார்க்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நல்ல வேலைக்காரன். ஆனால் குடித்தான். அந்த நாற்றத்தில் குடிக்காமல் எப்படி வேலை செய்வது என்பான். மருமகள் ஒசூர் ரோட்டில் கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் உட்காருகிறவள். வாயும் உண்டு, ரோஷமும் உண்டு. பொம்மனஹள்ளியில் ஒற்றை அறையில் குடித்தனம், ஒரு பெண் குழந்தை.

இவன் குடித்துவிட்டு வந்த ஒரு நாள், அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மர்பி டவுனில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான்கு நாள் கழித்து இவன் வந்தான். தலை குனிந்து நின்றான். குழந்தையின் தலையில் கையை வைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சொன்னான். அவள் விடவில்லை.

“வாயால சொல்றதெல்லாம் எனக்கு வேணாம். தெனம் வந்ததும் ஊதணும்.”

“எங்க ஊதறது?”

“என் மூஞ்சிலதான். ட்ராபிக் போலீசுக்கு ஊதுவியே, அந்த மாரி.”

“ட்ராபிக் போலீசு உன்ன மாரி அழகா இருக்க மாட்டானே.”

“அத்தை, பாருங்க இவர.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அதற்கப்புறம் அது அவர்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவள் முன்னால் நின்று ஊதுவான். அவள் மோந்து பார்த்து, “ம், உள்ள போ” என்பாள். குழந்தையும் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் முகத்தில் ஊதும். எட்டு மாதம் அவன் தொடவில்லை. எட்டு மாதமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் முகம் தெளிந்திருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். மறுநாள் சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்டில் கழிவுக் குழிக்குள் இறங்க வேண்டும் என்றான்.

“ரொம்ப நாளா தொறக்காத குழிம்மா. மூடியத் தொறந்துபோட்டு கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கிக்கலாம்னு சொல்றாங்க.”

“ஆமா, தொறந்து வெச்சா காத்து வந்துடும். நாத்தம் போயிடும்” என்றேன் நான்.

என் வாயால்தான் சொன்னேன். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

மறுநாள் நான் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனோடு வேலைக்குப் போன, ஆடுகோடிப் பக்கத்து ஆள் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரையும் பாதி மயக்கத்தில்தான் தூக்கியிருந்தார்கள். மருமகள் அவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“என்னண்ணா ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு?”

“இறங்கும்போது நல்லாதாம்மா இருந்தாரு. நாலு படி இறங்கினதும் தள்ளாடினாரு. என்னமோ ஒளறினாரு. மேல பாத்துச் சிரிச்ச மாரி இருந்துச்சு. அப்புறம் கைய விட்டுட்டாரு.”

அபார்ட்மென்டிலிருந்து வந்திருந்த வாட்ச்மேன் பக்கத்தில் நின்றவரிடம், “குடிச்சிட்டு வந்தா இப்படித்தான். கால் எங்க நிக்கும்?” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எல்லோருக்கும் கேட்டது. அங்கிருந்து அந்தப் பேச்சு பரவிவிட்டது. போலீசுக்கும் அப்படியே சொன்னார்கள், எங்கள் சந்திலும் அப்படியே சொன்னார்கள். பிறகு கொடுத்த காகிதத்தில் மூச்சு முட்டி இறந்தான் என்று எழுதியிருந்ததாம். மூச்சு முட்டியதை யார் இல்லை என்றது? எதனால் விழுந்தான் என்பதுதான் கேள்வி.

நான் சந்தில் நின்று, என் மகன் குடிக்கவில்லை என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு எதிரில் பேச அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் உள்ளே எனக்கே நம்பிக்கை இல்லை. பழைய குழி, குளிர்காலக் காலை, கூட வந்தவர் யாராவது ஒரு வாய் கொடுத்திருப்பார்கள், இவன் மறுக்கத் தெரியாமல் வாங்கியிருப்பான் என்றுதான் நினைத்தேன். என் பிள்ளையை வெளியே விட்டுக்கொடுக்காமல் உள்ளே விட்டுக்கொடுத்தவள் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மருமகள் பதினாறாம் நாள் வரை எல்லாவற்றையும் செய்தாள். அதற்கப்புறம் அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். பூ கிடையாது, விளக்கு கிடையாது. முதல் வருஷம் வந்தது. இலை போட்டு அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். கட்டினவள் கையால் படைத்தால்தான் அவனுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் பொம்மனஹள்ளிக்குப் போய்க் கேட்டேன்.

“பொண்ணு தலைல கைய வெச்சு சத்தியம் பண்ணிட்டு, குடிச்சிட்டுச் செத்தவருக்கு நான் சோறாக்க மாட்டேன் அத்தை. நீங்க பெத்தவங்க. நீங்க வேணா ஆக்கிப் போடுங்க.”

“அவன் குடிக்கலடி.”

“நீங்க பாத்தீங்களா?”

திரும்பி வந்தேன். அந்த வருஷம் நானே ஆக்கி, நானே படைத்து, நானே சாப்பிட்டேன்.

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து லிப்ட் வரைக்கும் வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். எங்கள் அறையிலும் உண்டு. தொட்டியைச் சுற்றி மாவிலை கட்டி, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, நான்தான் கற்பூரம் காட்டுவேன். வருஷா வருஷம் தொட்டியில் தண்ணீர் இருக்கும், வெளியே மட்டும் சுற்றிக் காட்டுவேன். போன வருஷம் தொட்டி காலியாக இருந்தது. புதிதாக வந்த மேடம் ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். மலைச்சரிவில் குளிர்ந்த காற்று எப்படி இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது என்று பார்க்கிறாளாம். ட்ரை ஐஸ் என்று ஒரு வெள்ளைக் கட்டி, தொட்டால் கை வெந்துபோகும். அதைத் தொட்டிக்குள் போடுவாள். வெண்புகை எழும்பித் தரையோடு ஊரும்.

பூஜைக்கு எல்லோரும் கூடி நின்றார்கள். தொட்டிக்குள்ளே பார்த்தேன். சுத்தமாக, காலியாக இருந்தது. வயிறு காலியாக இருக்கிறதே, உள்ளேயும் காட்டுவோம் என்று எனக்குத் தோன்றியது. ஸ்டூல்மேல் ஏறி, நீளக் காம்பு வைத்த கற்பூரக் கரண்டியை உள்ளே இறக்கினேன். கற்பூரம் அணைந்தது.

அணைந்தது என்றால், காற்றில் படபடத்து அணைகிற மாதிரி இல்லை. நெருப்பு கரண்டியிலிருந்து எழும்பி, ஒரு நொடி தனியாக நின்று, இல்லாமல் போனது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பூஜையில் கற்பூரம் அணைவது நல்லதில்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது. வெளியே எடுத்து மறுபடி கொளுத்தினேன். நன்றாக எரிந்தது. உள்ளே இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது.

“சாமிக்கு எம்மேல ஏதோ கோவம்” என்றேன்.

மேடம் கையைப் பிடித்து என்னை ஸ்டூலிலிருந்து இறக்கினாள். “சாமி இல்லம்மா, நாந்தான். காலைல ட்ரை ஐஸ் போட்டேன்லா. அந்த கேஸ் உள்ள கெடக்கு.”

“ஒண்ணுமே இல்லியே உள்ள.”

“கண்ணுக்குத் தெரியாதும்மா. நம்ம காத்தவிட கனம். அதான் அடியில படுத்துக்கிடும். அதுல நெருப்பு நிக்காது.”

“மேல தொறந்துதானே இருக்குது. காலைலேர்ந்து தொறந்துதானே இருக்குது.”

“தொறந்திருந்தா மட்டும் போயிருமா? யாராவது கலக்கணும், இல்ல பேன் வெச்சு வெளியே இழுக்கணும். உங்களுக்குத் தெரியாததா, உப்புத் தண்ணி மாதிரிதான.”

பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பொரியை அள்ளிக்கொண்டார்கள். நான் அப்படியே நின்றேன். உங்களுக்குத் தெரியாததா என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு அவளிடம் கேட்டேன்.

“மனுசன் இறங்கினா?”

அவளுக்கு என் மகன் செத்தது தெரியும். எப்படிச் செத்தான் என்பதும் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லு கண்ணு. நான் ஒண்ணும் ஆயிட மாட்டேன்.”

“அந்தக் குழில வேற கேஸ்ம்மா. இதவிட மோசம். மொதல்ல நாத்தம் அடிக்கும். கூடிப்போச்சுன்னா மூக்கு செத்துரும், நாத்தமே தெரியாது. நாத்தம் போயிருச்சுன்னு நெனச்சு இறங்குவாங்க. தலை சுத்தும். கால் நிக்காது.”

“ஒளறுவாங்களா?”

“ஆமா.”

“குடிச்ச மாரி இருக்குமா?”

அவள் என்னைப் பார்த்தாள். “குடிச்ச மாதிரியேதாம்மா இருக்கும். பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

அன்று பஸ்ஸில் மர்பி டவுன் வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். குடிக்கவில்லை என்று சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம் வரவில்லை. இருபது வருஷம் கனமானதை அடியில் விட்டு, லேசானதை மேலே விட்டு, மூடாத தொட்டியில் நாள் கணக்காக அது அப்படியே கிடப்பதைப் பார்த்தவள் நான். மேலே திறந்திருக்கிறது என்பதற்காக அடியில் இருப்பது எழும்பி வராது என்று என் கைக்குத் தெரியும். தொட்டியைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கெல்லாம் அதை விரல் நீட்டிக் காட்டியிருக்கிறேன். பெற்ற பிள்ளை சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து குழியைப் பற்றிச் சொன்னபோது, திறந்து வைத்தால் போயிடும் என்று சொன்னேன். காலேஜில் இருந்தது தொட்டி, அவன் இறங்கியது குழி. இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகளுக்குப் போன் போட்டேன்.

“அவர் பேச்ச எடுத்தீங்கன்னா வெச்சிடுவேன் அத்தை.”

“ஒரே ஒரு தரம் நான் கூப்புடற எடத்துக்கு வா. வந்து பாரு. அதுக்கப்புறம் உனக்கு மனசு வரலன்னா, நான் சாகற வரைக்கும் அவன் பேர உங்கிட்ட சொல்ல மாட்டேன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது. “ஞாயித்துக்கெழம வரேன்” என்றாள்.

மேடத்திடம் சொல்லிவைத்திருந்தேன். அவள் விடியற்காலையிலேயே வந்து தொட்டிக்குள் கட்டியைப் போட்டுவைத்திருந்தாள். மருமகள் வந்தபோது புகையெல்லாம் அடங்கித் தொட்டி காலியாகத் தெரிந்தது. அவள் சுற்றிப் பார்த்தாள்.

“இதுக்கா லீவு நாள்ல இழுத்துக்கினு வந்தீங்க? மீன் தொட்டி பாக்கவா?”

“மீன்கூட இல்ல. நல்லா பாத்துக்கோ, உள்ள ஒண்ணாவது இருக்குதா?”

“ஒண்ணுமில்ல.”

நான் கற்பூரத்தைக் கொளுத்தி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். அவள் பழக்கத்தில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கரண்டியை உள்ளே இறக்கினேன். பாதி ஆழத்தில் அணைந்தது.

“காத்துல அணைஞ்சிடுச்சு” என்றாள்.

“நீயே பண்ணு.”

அவள் ஸ்டூல்மேல் ஏறினாள். விளிம்பு வரைக்கும் எரிந்தது. ஒரு சாண் இறக்கினாள், எரிந்தது. இன்னும் இறக்கினாள், போய்விட்டது. மேலே எடுத்து என்னிடம் நீட்டினாள், நான் கொளுத்திக் கொடுத்தேன். மறுபடி இறக்கினாள். நான்காம் தடவை அவள் கை அந்த இடத்துக்கு மேலேயே நின்றது. நெருப்பை அந்த எல்லைக்கு மேலே பிடித்துக்கொண்டு கீழே இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள். கனமான காற்று, குளிர்ந்த காலை, கலக்க ஆள் இல்லை, நாற்றம் மறைந்துபோவது, கால் தள்ளாடுவது, வாய் குழறுவது. என்னிடம் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள். மருமகள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“சிரிப்பாங்களா?” என்று கேட்டாள்.

“மூஞ்சி இழுத்துக்கும். பாக்க அப்படித் தெரியலாம்க்கா.”

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. மருமகள் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அழுவாள், என் மடியில் விழுவாள், அப்பா, மனபாரம் இறங்கியது என்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் அழைத்துவந்தேன். அவள் அழவில்லை.

“நான் மோந்து பாத்தேன் அத்தை” என்றாள்.

“என்னாது?”

“ஆஸ்பத்திரில. துணிய வெலக்கிக் காட்டினாங்கல்ல. எல்லாரும் அழுதாங்க. நான் குனிஞ்சேன். முத்தம் குடுக்கறேன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. நான் வாய மோந்து பாத்தேன். செத்தவர் வாய மோந்து பாத்தேன். குழி நாத்தந்தான் அடிச்சுது, ஒண்ணும் தெரியல. சரி, குடிச்சிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறந்தான் அழுதேன்.”

அவள் குனிந்தது எனக்கு நினைவிருந்தது. எவ்வளவு பாசம் இவளுக்கு என்று அன்று நினைத்தேன்.

“கோவம் இருந்துச்சு. அத வெச்சுக்கினு தெனம் எழுந்து வேலைக்குப் போனேன். இப்ப நான் எத வெச்சுக்கினு போவேன், சொல்லுங்க.”

மேடம் எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு வாய்க்குள் வார்த்தைகள் இருந்தன. நானும் அவனை நம்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். திறந்து வைத்தால் போயிடும் என்று நான்தான் சொன்னேன் என்றும் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் துணையாக இருந்திருக்கும். ஆனால் இந்த வயது வரைக்கும் யார் முன்னாலும் தலை குனியாத வாய் எனக்கு. அது திறக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். அன்று சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன். அவள் தமிழ் நன்றாகப் படிப்பாள்.

வெகுநேரம் கழித்து மேடம் வந்து, ஜன்னல்களைத் திறந்து, பெரிய மின்விசிறியைத் தொட்டிக்குள் பார்த்தாற்போல வைத்து ஓடவிட்டாள். வீட்டுக்குப் போகும் முன் அப்படிச் செய்ய வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலந்துபோகும் என்றாள். ஒரு மின்விசிறி. எங்கள் வீட்டு மூலையில் நிற்கிற மாதிரி ஒன்று.

மார்கழியில் அவன் நாள் வந்தது. நான் போன் செய்யவில்லை. கருவாட்டை ஊறவைத்துவிட்டு, புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மருமகளும் பேத்தியும். மருமகளின் கையில் துணியில் சுற்றிய படம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். குழம்பு அவள்தான் வைத்தாள். உப்பு கொஞ்சம் கூடியிருந்தது. நான் சொல்லவில்லை.

படத்தைத் துடைத்துப் பலகைமேல் வைத்தோம். இலை போட்டுப் படைத்தோம். அவள் கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றித் தரையில் வைத்தாள். மூன்று பேரும் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது நன்றாக, நேராக எரிந்தது. எரிந்துகொண்டே இருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பேத்திக்குப் பசி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊதுகிற பழக்கம் அதற்கு இன்னும் போகவில்லை. சீக்கிரம் சாப்பிடலாம் என்று நினைத்ததோ என்னவோ, கற்பூரத்தின் பக்கம் குனிந்து கன்னத்தை உப்பியது. மருமகள் சட்டென்று குழந்தையின் வாயைப் பொத்தித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஊதாத. தானா அணையட்டும்.”

அது அணைய வெகுநேரம் ஆனது. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.